ஒரு காது மட்டும் கறுப்பு

“மருவ விட்டுடாத” என்றார் அப்பா. கண்கள் மூடியிருந்தன.

சின்னவள் அப்போதுதான் மூக்கை முடித்து இடது கன்னத்தின் ஓரத்துக்கு வந்திருந்தாள். மரு அங்கேதான், மிளகு அளவில் உட்கார்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பவருக்குத் தன் பென்சில் எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. காகிதத்தில் பென்சில் உரசும் சத்தத்தை வைத்தே படத்தின் எந்த மூலையில் வேலை நடக்கிறது என்று சொல்லிவிடக்கூடியவர் என்பது அவரைப் பற்றி அவரே பரப்பி வைத்திருந்த செய்தி. இன்று அது உண்மைபோலத்தான் இருந்தது.

“விடலப்பா.”

“கொஞ்சம் பெருசாவே போடு. அம்பது வருஷமா கண்டவன் மருவையெல்லாம் எடுத்துக் குடுத்தவன் நான். என்னோடதாவது இருந்துட்டுப் போகட்டும்.”

டாக்டர் அவருக்கு முந்தாநாள் வரைக்கும்தான் கெடு கொடுத்திருந்தார். அப்பா எந்த வேலையையும் சொன்ன தேதியில் முடித்துக் கொடுத்தவர் அல்லர் என்பதால் வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. முன்பக்கம் போட்டோ ஸ்டூடியோ, பின்பக்கம் வீடு, இரண்டுக்கும் நடுவில் இருட்டறை என்று கட்டிய கட்டடம் அது. அம்மா இறந்ததும் ஸ்டூடியோவை மூடிப் பத்து வருஷம் ஆகிவிட்டது. இருந்தும் தன் கட்டிலைப் பெரிய ஜன்னல் இருந்த ஸ்டூடியோ அறையில்தான் போடவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். நோயாளிக்குக் காற்று வேண்டும் என்பதற்காக அல்ல. கடைசி நேரத்தில் முகத்தில் விழும் வெளிச்சம் சரியாக இருக்கவேண்டுமாம்.

நெகட்டிவில் டச்சிங் செய்வதில் அவருக்கு நிகர் அவர்தான். ஊசிபோலச் சீவிய பென்சிலால் முகச்சுருக்கத்தை எடுப்பார், சொட்டையில் முடி வளர்ப்பார், மாறுகண்ணை நேராக்குவார். ஒரு குமாஸ்தா படம் எடுக்கும்போது தூங்கிவிட்டாராம். அப்பா இமைமேல் கண் வரைந்து கொடுத்தார். அதன்பிறகு அந்த மனிதர் ஆபீசில் தூங்கினாலும் யாரும் நம்பவில்லையாம். இன்னொரு குடும்பம், பதினான்கு பேர். வெளிநாட்டில் இருந்த மூத்த மகனையும் படத்தில் சேர்க்கச் சொன்னார்கள். அவன் தம்பியின் முகத்தை வைத்துக் கற்பனையில் ஒருவனை வரைந்து நிற்கவைத்தார். மூன்று வருஷம் கழித்து நிஜ மகன் ஊர் திரும்பியபோது, இவன் போட்டோவில் இருக்கிற மாதிரி இல்லையே என்று பெற்ற தாயே கதவை அரைகுறையாகத் திறந்தாளாம். இவற்றில் எது நடந்தது, எது நடந்திருக்கவேண்டும் என்று அப்பா நினைத்தது என்று பிரித்துப் பார்க்கும் வேலையைக் குடும்பம் எப்போதோ கைவிட்டிருந்தது.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“சொன்னா வரையறத நிறுத்திடுவே. முதல்ல காத முடி.”

அவள் காதை முடித்தாள். வயதானவர்களின் காது முடிய நேரமாகும். அவர் அவசரப்படுத்தவில்லை.

“ஆச்சுப்பா.”

“மாவுன்னு ஒரு நாயே கிடையாது.”

இங்கே மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். சின்னவளுக்கு நாற்பத்தொன்பது வயது. வீட்டில் இரண்டாவது என்பதால் வந்த பெயர், தலை நரைத்தும் போகவில்லை. வெளியே அவளை எல்லோருக்கும் தெரியும். அல்லது அவளுடைய நாயைத் தெரியும். வெள்ளை நாய், ஒரு காது மட்டும் கறுப்பு. குழந்தைகளுக்கான பதினோரு படப்புத்தகங்களில் அது ஓடியிருக்கிறது. ஆஸ்பத்திரி ஒன்றின் குழந்தைகள் பிரிவில் சுவர் முழுக்கப் படுத்திருக்கிறது. மழைக்காலத்தில் குடைகளின்மேல் நனைந்திருக்கிறது. எப்படி வரைய ஆரம்பித்தீர்கள் என்று யார் கேட்டாலும் அவள் ஒரே பதிலைத்தான் சொல்வாள்: என் முதல் ஞாபகமே அந்த நாய்தான். நான் கண்ணை மூடி நிற்கிறேன், அது என் உள்ளங்கையை நக்குகிறது. வெதுவெதுப்பு. அங்கிருந்துதான் என் கோடு தொடங்கியது. ஆதாரமாகக் கூடத்துச் சுவரில் போட்டோ தொங்கியது. எட்டு வயது அண்ணன், நாலு வயது இவள், இருவர் காலடியிலும் மாவு.

“காலைல மாத்திரை போட்டீங்களா?” என்றாள்.

“போட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. சூரியன முதுகுக்குப் பின்னாடி வச்சுதான் படம் எடுக்கணும். அன்னிக்கு சாயங்காலம் வெயில் தாழ்ந்துபோச்சு. என் நிழல் நீளமாப் போயி உங்க ரெண்டு பேர் காலடில விழுந்திருக்கு. நான் பாக்கல. கழுவினப்பறம்தான் பாத்தேன். போட்டோகிராபர் நிழல் படத்துல விழுறதுன்னா, தையல்காரன் தன் சட்டையையும் சேத்துத் தச்சுக் குடுக்குற மாதிரி. நெகட்டிவ்ல நிழல் இருக்குற எடம் கண்ணாடியாட்டம் வெறுமையா இருக்கும். அதுல பென்சிலால நெரப்பினா பிரிண்ட்டுல வெள்ளையாயிடும். அவ்ளோ பெரிய வெள்ளைக்கு என்ன போடறது? ஆட்டுக்குட்டி போடலாம்னு நெனச்சேன். ஆடு எனக்கு வராது.”

சின்னவள் சிரிக்கவில்லை. “அந்தக் கறுப்புக் காது?”

“என் முழங்கை. அங்க வர்றப்ப பென்சில் முனை உடைஞ்சுது. பசி வேற. அப்படியே விட்டுட்டேன்.”

“இவ்ளோ வருஷம் ஏன்ப்பா சொல்லல?”

“நீ கேக்கல. நல்லா வேற வரைஞ்சுக்கிட்டிருந்தே.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “நெகட்டிவ் உள்ள இருக்கு. டர்ப்பன்டைன் தொட்டுத் துடைச்சா நாய் போயிடும், நான் வந்துடுவேன். ரெண்டு பேரும் சேர்ந்து இருக்க முடியாது. எது வேணும்னு நீயே பாத்துக்க. ஆனா நான் இருக்கறப்ப வேணாம். பக்கத்துல நின்னா ஏதாவது குறை சொல்லுவேன்.”

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவள் பென்சில் சீவுவாள். குனிந்து, பிளேடைச் சாய்த்துப் பிடித்து, சுருள் அறுந்துவிடாமல் நிதானமாகச் சீவினாள். நன்றாகக் கேட்கவேண்டும் என்று நாலு கேள்விகளை வரிசையாக யோசித்து வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அப்பா இல்லை.

ஜன்னல் வெளிச்சம் முகத்தில் சரியாக விழுந்திருந்தது. மணி பதினொன்றே முக்கால்.

படத்தில் மரு மட்டும் பாக்கி இருந்தது. அதைப் போட்டாள். பிறகுதான் அண்ணனைக் கூப்பிட்டாள்.

மதியத்துக்குள் வீடு நிரம்பிவிட்டது. வண்டி நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. அதற்குள் மரண அறிவிப்புக்காகப் பத்திரிகைக்கு ஒரு போட்டோ அனுப்பவேண்டும் என்று அண்ணன் அலமாரிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் திருகிக் கழற்றினால் உள்ளே காரணம் இருக்கும் என்று நம்புகிறவன். நாற்பதாயிரம் முகங்களை எடுத்தவர் வீட்டில் அவர் முகம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் பழைய அடையாள அட்டை ஒன்று அகப்பட்டது. அதில் இருந்தவருக்கு முப்பது வயது, அடர்ந்த சுருட்டை முடி, மரு கிடையாது.

“யாருடா இது?” என்றாள் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. எண்பதை நெருங்கியும் குரலுக்கு மட்டும் வயதாகவில்லை.

“அப்பாதான் அத்தை. அவரே டச்சிங் பண்ணிக்கிட்டது.”

“எங்கண்ணனுக்கு என்னிக்குடா சுருட்ட முடி இருந்துச்சு? இதப் போட்டா வேற யாரோ செத்துட்டான்னு நெனச்சு காரியத்துக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க.”

சின்னவள் காலையில் வரைந்த படத்தைக் கொடுத்தாள். அத்தை கண்ணாடியை மாட்டி வெகுநேரம் பார்த்தாள். முகம் கலங்கியது. உடனே சமாளித்துக்கொண்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. இந்த மருவ மட்டும் அழிச்சிடுடி.”

“முடியாது அத்தை.”

“ஊர்ல எத்தனை பேர் மருவ எடுத்திருக்கான் உங்கப்பன். அவனோடத நீ எடுக்கக் கூடாதா?”

“போடச் சொன்னதே அவருதான்.”

அண்ணன் இருவரையும் பார்த்தான். படத்தை மொபைலில் எடுத்து, மருவோடு, பத்திரிகைக்கு அனுப்பிவைத்தான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்ச நேரம் அழுவார்கள், கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பார்கள், பிறகு எப்படியும் மாவிடம் வந்துசேர்வார்கள். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். அது தன்னை இரண்டு தெரு துரத்திய நாளை, பையில் எத்தனை கடிதங்கள் இருந்தன என்பது உட்பட விவரித்தார். அத்தை கெண்டைக்காலைத் திருப்பித் தழும்பைக் காட்டினாள். அது செத்தது லாரியில் அடிபட்டு என்றார் ஒருவர். இல்லவே இல்லை, வயதாகி, தூக்கத்தில், நானே பார்த்தேன் என்றார் இன்னொருவர்.

“அன்னிக்கு இந்த மனுஷன் அழுதாரு பாருங்க” என்றார் தபால்காரர், அப்பாவின் கட்டிலைக் காட்டி. “ரெண்டு நாள் கடை தொறக்கல.”

சின்னவள் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இதே கதைகளைச் சிறுவயதிலிருந்து கேட்டவள்தான். இன்று எண்ணிக்கொண்டிருந்தாள். நாய்க்குச் சாதகமாக மூன்று நேரடி சாட்சிகள், ஒரு தழும்பு, இரண்டு மரணங்கள். எதிராக ஒரே ஒருவர். அவரும் இப்போது பேசும் நிலையில் இல்லை. வாழ்நாளில் சொன்னதில் பாதி புளுகு என்று பெயரெடுத்தவர் வேறு.

ஆனால் அவர் புளுகும்போது புருவம் கொஞ்சம் உயரும். இன்று காலை அந்தப் புருவத்தைத்தான் அவள் ஒரு மணிநேரம் வரைந்தாள். அது அசையவே இல்லை.

அவள் உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டாள். நாய் இல்லையென்றால் அந்த வெதுவெதுப்பு என்ன? அதுவும் யாரோ பென்சிலால் நிரப்பியதா? அப்படியானால் முப்பது வருஷமாகத் தான் வரைந்ததெல்லாம் எங்கிருந்து வந்தது? மணி மூன்று. எழுந்து இருட்டறைக்குப் போனாள்.

இருட்டறை மட்டும் மூடப்படவே இல்லை. பழுப்புப் பாட்டில்களில் போன மாதத் தேதி அப்பாவின் கையெழுத்தில் ஒட்டியிருந்தது. வருஷவாரியாக அடுக்கிய பெட்டிகளில் அவள் தேடிய உறை ஐந்தே நிமிஷத்தில் கிடைத்தது. மேலே மூன்று சொற்கள்: பெரியவன், சின்னவள், நான்.

நாய் என்று எழுதியிருக்கவில்லை.

உள்ளங்கை அகல நெகட்டிவை ஜன்னல் பலகையை விலக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கறுத்த முகமும் வெள்ளை முடியுமாக இரண்டு குழந்தைகள். காலடியில் கரிய நாய். ஒரு காதில் மட்டும் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவியது. உருப்பெருக்கியை வைத்துக் குனிந்தாள். நாய் முழுவதும் பென்சில். காற்புள்ளி மாதிரி குட்டிக் குட்டியாக, ஒன்றன் வால்மேல் இன்னொன்று ஏறிய ஆயிரக்கணக்கான கோடுகள். இதே கோட்டைத்தான் அவளுக்கே உரியது, வேறெங்கும் காணமுடியாதது என்று விமர்சகர்கள் எழுதியிருந்தார்கள். கிழவர் அதையெல்லாம் சத்தம்போட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பார், மறுமுறையும் கேட்பார். மகளை நினைத்துப் பெருமைப்படுகிறார் என்றல்லவா அவள் எண்ணியிருந்தாள்!

கேமராவா பென்சிலா என்று அவர்களுக்குள் ஓயாத சண்டை. பென்சில் பார்த்ததை மட்டும்தான் எடுக்கும், அதனால்தான் அது நாணயமானது என்பாள் அவள். கேமரா நீ பார்க்காததையும் எடுத்துவிடும், அதனால்தான் அதற்குப் பயப்படவேண்டும் என்பார் அவர். எதற்குப் பயந்தார் என்பது இப்போது அவள் கையில் இருந்தது.

கதவு திறந்தது. அண்ணன்.

“இங்க என்ன பண்ற? வண்டி கிளம்பிடுச்சாம்.”

“அண்ணா, உனக்கு அப்ப எட்டு வயசு. மாவு இருந்துச்சா?”

அவன் அவள் கையில் இருந்த நெகட்டிவைப் பார்த்தான். கதவைச் சாத்தினான். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

“சொல்லிட்டாரா?”

“உனக்குத் தெரியுமா!”

“பிரிண்ட்டப் பாத்துட்டு, இந்த நாய் இப்ப எங்கன்னு நீ கேட்ட. அம்மா வேற வழியில்லாம வெளிய போயிருக்குன்னு சொல்லிட்டாங்க. அன்னிலேருந்து நீ தினம் சாயங்காலம் வாசல்ல பிஸ்கட் வச்சே.”

“காலைல இருக்காது.”

“எப்படி இருக்கும்? நான்தான் தின்னேன். ரெண்டு வருஷம். தபால்காரர நாய் மாதிரி கொலச்சுத் தொரத்தினதும் நான்தான், காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. அவரு திரும்பிப் பாக்கவே இல்ல.”

“அத்தை கால்ல தழும்பு?”

“அது சைக்கிள். எல்லாரும் கடி வாங்கியிருக்கறப்ப தனக்கு மட்டும் இல்லன்னா அத்தைக்குக் கௌரவக் குறைச்சல் இல்லையா?”

சின்னவள் கையை நீட்டினாள், விரல்களை விரித்து. கேட்கவேண்டியது ஒன்றுதான் இருந்தது. அவளுக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. அண்ணன் அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேசைமேல் இருந்த மூடி ஒன்றை எடுத்துத் திருகினான், கழற்றினான், மறுபடி திருகினான்.

“உனக்குக் காய்ச்சல்” என்றான். “மாவு வந்தாதான் மருந்து குடிப்பேன்னு ஒரே அழுகை. கண்ண மூடிக்கச் சொன்னேன்.”

“நீயா?”

“வாயக் கொப்புளிச்சிட்டுத்தான்.”

அவள் அவனைப் பார்த்தாள். ஐம்பத்து மூன்று வயது, தொப்பை, காதுமடலில் கிரீஸ். பேட்டிகளில் எத்தனை முறை, எத்தனை உருக்கமாக, இந்த ஆளின் நாக்கைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்ததும் வயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனும் சிரித்தான். வெளியே துக்க வீடு. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் குலுங்கினார்கள். அந்த நீர் சிரிப்பில் வந்ததுதான் என்று இருவரும் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நக்கியது யாராக இருந்தாலும் சூடு நிஜம். கை தன்னுடையது. அதுவரைக்கும் சரி.

அவள் டர்ப்பன்டைன் பாட்டிலைத் திறந்து பஞ்சை நனைத்தாள்.

“ஏய், இரு. துடைச்சா போச்சு, திரும்ப வராது. உன் நாய்.”

“நாய நான் எப்ப வேணா போட்டுப்பேன். கண்ண மூடிட்டே வரும். இவரு எனக்கு அப்படி வரமாட்டாரு.”

முதலில் வால் போனது. பிறகு முதுகு. மெல்லியதாக வருடி, பஞ்சைத் திருப்பி, மறுபடி வருடி, வேறொருவர் வரைந்ததை அழிக்கும்போது காட்டவேண்டிய மரியாதையோடு அழித்தாள். பஞ்சு சாம்பல் நிறமானது. வயிறு, முன்னங்கால்கள், மூக்கு. கடைசியில் எஞ்சிய கண்ணையும் அவள் தயங்காமல் எடுத்தாள்.

ஜன்னல் பலகையை மூடி, சிவப்பு விளக்கைப் போட்டு, நெகட்டிவை என்லார்ஜரில் வைத்து ஒளியைத் திறந்தாள். அண்ணன் கேட்காமலே விநாடிகளை எண்ணினான். தாளை மருந்துத் தண்ணீர் ஊற்றிய முதல் ட்ரேயில் போட்டபோது கதவு தட்டப்பட்டது.

“வண்டி வந்தாச்சு!” அத்தையின் குரல். “ரெண்டு பேரும் உள்ள என்ன பண்றீங்க? எல்லாரும் நிக்கிறாங்க. கதவத் தொறங்கடா!”

தாள் தண்ணீரில் இருக்கும்போது இருட்டறைக் கதவைத் திறக்கக்கூடாது. இந்தச் சட்டத்துக்காக அந்த வீட்டில் சோறு தீய்ந்திருக்கிறது, ஒரு மாப்பிள்ளை மணமேடையில் முக்கால் மணிநேரம் காத்திருந்திருக்கிறார்.

“தாள் உள்ள இருக்கு அத்தை” என்று அண்ணன் குரல் கொடுத்தான்.

வெளியே தட்டுவது நின்றது. அத்தையும் அந்த வீட்டுச் சட்டத்துக்குப் பழகியவள்தான்.

“அப்ப சரி. வண்டிக்காரன நிக்கச் சொல்றேன்” என்றாள். காலடிகள் விலகின.

சிவப்பு விளக்கின் கீழ் தாள் வெறுமையாக மிதந்தது. அவள் ட்ரேயின் ஓரத்தை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தாள். முதலில் அண்ணனின் அரைக்கால் சட்டை வந்தது. அப்புறம் அவளுடைய பின்னல். பிறகு கீழ்விளிம்பிலிருந்து இருள் மெல்ல ஊறி மேலே வந்தது. அகன்ற தோள்கள், இரண்டு பக்கமும் விரிந்த முழங்கைகள், தோள்களுக்கு மேலே, நீண்டு, ஒரு தலை.

நாய் மறைத்திருந்த இடத்தில் அவளுடைய கால்கள் வந்தன. ஒன்றில் செருப்பு இருந்தது, ஒன்றில் இல்லை. நாலு வயதுக்காரி இரண்டு காலையும் அந்தத் தலையின்மேல் வசதியாக ஊன்றி, நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

“எடுத்துடலாமா?” என்றான் அண்ணன் தாழ்ந்த குரலில்.

“இன்னும் கறுக்கட்டும்” என்றாள்.